குழாய் நிறைந்துவிட்டதா?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரை உலகம் போற்றுகிறது. அது முறையே. ஆனால் ஏற்கெனவே உள்ள ஒன்றைச் செப்பமாக வைத்துக்கொள்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அணையைக் கட்டியவரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் வாய்க்காலைத் தூர் வாரியவர்களின் பெயரை எந்தக் கல்லிலும் காண முடிவதில்லை. எனினும், தூர் வாராத வாய்க்கால் வழியே கடைமடைக்கு நீர் போய்ச் சேராது என்பதை உழவர் அனைவரும் அறிவர்.

கணிப்பொறித் துறையிலும் இதே நிலைதான். புதிய நிரல் எழுதுவதே அறிவாளியின் வேலை என்றும், எழுதிய நிரலைத் துப்புரவு செய்வது ஏதோ கீழான எடுபிடி வேலை என்றும் பலர் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் பெரும் பிழை என்பது என் கருத்து. அடித்தளத்தில் உள்ள நிரலைத் துப்புரவு செய்வது வெறும் அழகுக்காக அன்று; மறைந்திருக்கும் பிழைகளைக் காண்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லாமல், 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குகிறேன்.

குழாய் என்பது யாது?

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டக் மெக்கில்ராய் என்பவர் 1964ஆம் ஆண்டில் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்து நீர்க்குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பதுபோல, நிரல்களையும் ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்பதே அதன் சாரம். 1973இல் கென் தாம்சன் யூனிக்ஸ் இயக்க அமைப்பில் அதற்கு உருவம் கொடுத்தார்.

இதன் பயனை எளிதில் உணரலாம். ஒரு நிரல் பெயர்ப் பட்டியலைத் தருகிறது என்று கொள்வோம். இரண்டாவது நிரல் அதை அகர வரிசைப்படுத்தும். மூன்றாவது நிரல் எண்ணிச் சொல்லும். முதல் நிரலின் வெளியீடு குழாய் வழியே இரண்டாவதற்குப் பாய்கிறது; இரண்டாவதன் வெளியீடு மூன்றாவதற்குப் பாய்கிறது. மூன்று சிறு நிரல்கள் சேர்ந்து ஒரு பெரிய வேலையை முடித்துவிடுகின்றன.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயக்க அமைப்பிலும் இந்தக் குழாய் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் உள்ளேயும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல்தான் இயங்குகிறது. ஆகவே, நாம் பேசப்போகும் குழாய் எங்கோ ஆய்வுக்கூடத்தில் இருப்பதன்று. உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

உண்மையில் குழாய் என்பது கெர்னலின் நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட ஒரு சிறு இடமே. வழக்கமாக அதில் 16 அறைகள் இருக்கும். ஓர் அறைக்கு 4096 பைட்டு வீதம் மொத்தம் 65536 பைட்டுகள். ஒரு பக்கம் எழுதும் நிரல் அறைகளை நிரப்பிக்கொண்டே வரும். மறுபக்கம் படிக்கும் நிரல் அவற்றைக் காலி செய்துகொண்டே வரும்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. குழாய் வெறுமையாக இருந்தால் படிக்கும் நிரல் என்ன செய்யும்? உறங்கும். குழாய் நிறைந்திருந்தால் எழுதும் நிரல் என்ன செய்யும்? அதுவும் உறங்கும். நிலை மாறும்போது மறுபக்கத்தார் எழுப்பிவிட வேண்டும். ஆகவே, "குழாய் வெறுமையா?", "குழாய் நிறைந்துவிட்டதா?" என்னும் இரு கேள்விகளுக்கும் எப்போதும் சரியான விடை கிடைக்க வேண்டும். இதைத்தான் குழாயின் தயார்நிலையைச் சோதித்தல் என்கிறோம்.

இரண்டு பலகைகள்

இந்தக் கேள்விகளுக்குக் கெர்னல் எவ்வாறு விடை காண்கிறது? 16 நாற்காலிகள் உள்ள ஒரு படிப்பகத்தை எண்ணிப் பாருங்கள். நுழைவாயிலில் ஒரு பலகை. இதுவரை எத்தனை பேர் உள்ளே சென்றனர் என்பதை அது காட்டும். வெளிவாயிலில் இன்னொரு பலகை. எத்தனை பேர் வெளியே வந்தனர் என்பதை அது காட்டும். இரண்டும் ஏறிக்கொண்டே போகும், இறங்குவதில்லை.

இரண்டு எண்களும் சமமானால் படிப்பகம் வெறுமை. வேறுபாடு 16 ஆனால் இடமில்லை. ஒரே ஒரு கழித்தல் கணக்கு போதும்! குழாயிலும் இவ்வாறே இரண்டு எண்ணிகள் உள்ளன. எழுதும் பக்கத்து எண்ணியைத் 'தலை' என்றும், படிக்கும் பக்கத்து எண்ணியை 'வால்' என்றும் அழைப்பர். தலையிலிருந்து வாலைக் கழித்தால், நிரம்பியுள்ள அறைகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

மூன்றாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய கணக்குதானே என்று தோன்றுகிறதல்லவா? ஆம், எளிய கணக்குதான். இவ்வளவு எளிதாக இருந்ததே தொல்லைக்கும் காரணமாயிற்று. அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

இருவரும் உறங்கினர்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பல செயலிகள் கொண்ட ஒரு பெரிய கணிப்பொறியில் சோதனை ஒன்றை நடத்தியவர்கள் விந்தையான ஒன்றைக் கண்டனர். குழாய்கள் வழியே ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்ளும் பல நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று அவை அப்படியே நின்றுவிட்டன. பிழைச் செய்தி ஏதும் இல்லை. எழுதும் நிரலும் உறங்கியது. படிக்கும் நிரலும் உறங்கியது. ஒவ்வொன்றும் மற்றதன் வருகையை எதிர்நோக்கியிருந்தது.

காரணத்தைப் படிப்பகத்தைக் கொண்டே விளக்கலாம். நீங்கள் நுழைவாயில் பலகையைப் பார்க்கிறீர்கள், 41 என்றிருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு வெளிவாயிலுக்கு நடக்கிறீர்கள். அதற்குள் உள்ளே இருந்த ஒருவர் வெளியே வந்துவிட்டார். இன்னொருவர் உள்ளே போய் உடனே வெளியேயும் வந்துவிட்டார். இப்போது வெளிவாயில் பலகை 42 என்கிறது. 41 பேர் உள்ளே சென்று 42 பேர் வெளியே வந்தார்களாம்! பலகைகள் இரண்டும் பொய் சொல்லவில்லை. நீங்கள் அவற்றை ஒரே நேரத்தில் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

எழுதும் நிரலும் இவ்வாறே ஏமாந்தது. தலையைப் படித்தபோது 41. வாலைப் படிப்பதற்குள் அது 42. கழித்தால் −1. ஆனால் இந்த எண்ணிகளுக்குக் குறை எண் என்பதே தெரியாது. 32 பிட்டுகள் கொண்ட எண்ணியில் −1 என்பது 4294967295 ஆகிவிடும். அது 16ஐவிடப் பெரியது அல்லவா? "குழாய் நிறைந்துவிட்டது" என்று முடிவு செய்து எழுதும் நிரல் உறங்கிவிட்டது. உண்மையிலோ குழாய் முற்றிலும் வெறுமை! படிக்கும் நிரலும் வெறுமையான குழாயைக் கண்டு உறங்கச் சென்றது. குழாய் ஒருபோதும் நிறைந்திராததால், எழுதும் நிரலை எழுப்ப வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை.

குழாய்க்கு ஒரு பூட்டு உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இத்தகைய தவறு நேராது. ஆனால் பூட்டை ஒருவர் வைத்திருக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், நேரம் வீணாகும். ஆகவே, "உறங்கலாமா, வேண்டாமா?" என்று எட்டிப் பார்க்கும்போது மட்டும் பூட்டில்லாமலேயே இரண்டு எண்களையும் படிப்பது வழக்கமாயிருந்தது.

இந்தக் குறை பல காலமாகவே உள்ளே இருந்தது. முன்பெல்லாம் படிக்கும் நிரல் தேவையின்றியும் எழுதும் நிரலை எழுப்பிக்கொண்டிருந்தது. அதனால் தவறுதலாக உறங்கியவரும் தற்செயலாக எழுந்துவிட்டார். வீண் எழுப்புதலைக் குறைக்கும் ஒரு நல்ல மாற்றம் அப்போது வந்தது. மறைந்திருந்த பிழை வெளிப்பட்டது. இந்தப் புதிய மாற்றம் குற்றவாளி அன்று. குற்றத்தை வெளிப்படுத்திய சாட்சி!

மருந்தும் அதன் பின்விளைவும்

மருந்து எளிதே. இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டால், ஒரே பார்வையில் இரண்டையும் படித்துவிடலாம் அல்லவா? 64 பிட்டுக் கணிப்பொறி ஒரே முறையில் 64 பிட்டுகளைப் படிக்கும். அதில் 32 பிட்டுத் தலையையும் 32 பிட்டு வாலையும் சேர்த்து வைத்தனர். ஒரே படிப்பில் இரண்டும் கிடைத்துவிட்டன.

ஆனால் லினக்ஸ், பழைய 32 பிட்டுக் கணிப்பொறிகளிலும் ஓட வேண்டும். அங்கே ஒரே முறையில் 32 பிட்டுகளைத்தான் படிக்க இயலும். ஆகவே அங்கு எண்ணிகள் ஒவ்வொன்றும் 16 பிட்டுகளாகச் சுருங்கின. 65535க்கு அடுத்தது 65536 அன்று, மீண்டும் 0.

இதனால் என்ன கெட்டுவிடும்? பழைய மோட்டார் வண்டிகளில் உள்ள ஐந்து இலக்கக் கிலோமீட்டர் காட்டியைப் பாருங்கள். புறப்படும்போது 99997, போய்ச் சேர்ந்தபோது 00006. வண்டி 9 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது நமக்குப் புரிகிறது. ஆனால் காட்டி சுழன்று வந்ததை அறியாத ஒருவர் தாளில் கழித்தால் −99991 என்ற பொருளற்ற விடைதான் கிடைக்கும்.

குழாயிலும் அவ்வாறே. தலை 3, வால் 65530 என்றிருந்தால் நிரம்பியுள்ள அறைகள் 9. கழித்து வந்த விடையை 16 பிட்டுகளுக்குள் அடக்கினால் இந்த 9 கிடைக்கும். அடக்காமல் 32 பிட்டுகளில் விட்டுவிட்டால் 4294901769 என்று வரும். 9 அறைகளே நிரம்பிய குழாய் "நிறைந்துவிட்டது" என்று மறுபடியும் பொய்யாகிவிடும். நிரம்பிய அறைகளைக் கணக்கிடும் துணை நிரலில் இந்தப் பிழையே நேர்ந்தது, உடனே திருத்தப்பட்டது.

துணை நிரலைத் திருத்தியதோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. கெர்னலின் வேறு சில இடங்களில், தலையையும் வாலையும் நேரடியாக எடுத்துத் தாமே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வரிகள் இருந்தன. "குழாயில் எத்தனை பைட்டுகள் காத்திருக்கின்றன?" என்று எண்ணும் பகுதி அவற்றுள் ஒன்று. அது வாலில் தொடங்கி, தலையை எட்டும் வரை ஒவ்வோர் அறையாக நடந்து கூட்டும். அதன் கையிலிருந்த எண் 32 பிட்டு. 65535ஐ அடுத்து அது 0 என்று திரும்பாமல் 65536, 65537 என்று மேலேறும். 3 என்னும் தலையை எப்போது எட்டும்? நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும்!

ஒரு கேள்வி, ஓர் இடம்

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த துப்புரவுப் பணி தொடங்குகிறது. தலையையும் வாலையும் தொடும் இடங்களை டோர்வால்ட்ஸ் தேடிப் பார்த்தார். அத்தகைய இடங்கள் அளவுக்கு மீறி அதிகமில்லை. ஆனால் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தன. தவறான வரியும் தவறில்லாத வரியும் ஒரே மாதிரித் தோன்றின. எதைத் திருத்த வேண்டும் என்று கண்டறிவதே கடினமாயிற்று.

காரணம் என்ன? உதவிக்கென்று எழுதப்பட்ட துணை நிரல்களின் அமைப்பே காரணம். "இக்குழாய் நிறைந்துவிட்டதா?" என்று கேட்க வழியில்லை. "தலை இவ்வளவு, வால் இவ்வளவு, அறைகள் இவ்வளவு, அப்படியானால் நிறைந்துவிட்டதா?" என்றுதான் கேட்க முடிந்தது. அதாவது, கேட்பவரே முதலில் உள்ளே கைவிட்டு அந்த எண்களை எடுத்துவர வேண்டும்.

படிப்பகத்துக்குப் போன ஒருவர், "இடம் இருக்கிறதா, ஐயா?" என்று அலுவலரைக் கேட்கிறார். "நீரே போய் இரண்டு பலகைகளையும் பார்த்து, நாற்காலிகளையும் எண்ணிக்கொண்டு வாரும், கழித்தல் கணக்கை மட்டும் நான் போட்டுத் தருகிறேன்" என்கிறார் அலுவலர். இதை உதவி என்று சொல்வோமா? பலகையை நாளை வேறிடத்தில் மாற்றினால், படிப்பகத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அது தொல்லையாகும். அலுவலரே பார்த்துச் சொல்பவராக இருந்தால், அவர் ஒருவர் அறிந்தால் போதும்.

2025 மார்ச்சில் செய்த துப்புரவு இதுதான். குழாயைக் கொடுத்தால் அது வெறுமையா, நிறைந்துவிட்டதா, எத்தனை அறைகள் பயன்பாட்டில் உள்ளன என்று நேரடியாக விடை சொல்லும் சிறு துணை நிரல்கள் எழுதப்பட்டன. தாமே கணக்குப் போட்ட இடங்கள் இந்தத் துணை நிரல்களை அழைக்குமாறு மாற்றப்பட்டன. யாருமே அழைக்காத, ஆனால் பிழையுள்ள துணை நிரல் ஒன்றும் இந்தத் தேடலில் அகப்பட்டது. அதற்கு வைத்தியம் எளிது: தூக்கி எறிந்துவிட்டனர். அந்த மாதம் வெளிவந்த லினக்ஸ் 6.14 பதிப்பில் இவையெல்லாம் இடம்பெற்றன.

புதிதாக எந்த வசதியும் சேரவில்லை. குழாயின் வேகமும் கூடவில்லை. அப்படியானால் விளைந்த நன்மை என்ன? களை மண்டிய வயலில் நோயுற்ற பயிர் கண்ணுக்குத் தெரியாது. களை பறித்த பின் தெரியும். நியாயமான வரிகள் எல்லாம் துணை நிரல் வழியே போய்விட்டால், இன்னும் நேரடியாக எண்ணியைத் தொடும் வரி எதுவோ அது தனித்து நிற்கும். ஐயத்துக்குரியதை மட்டும் கூர்ந்து பார்த்தால் போதும். ஆகவேதான் துப்புரவு என்பது பிழை தேடலின் முதற்படி என்கிறேன்.

ஓடுகிற வண்டியைத் தொடலாமா?

"ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்? துப்புரவு செய்கிறேன் என்று போய்ப் புதிய பிழையைக் கொண்டுவந்துவிட்டால்?" என்று கேட்பவர் உண்டு. இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. இதற்கும் இதே குழாயிலிருந்து சான்று தர முடியும்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸ் குழாயின் உட்புறம் பெருமளவு திருத்தி அமைக்கப்பட்டது. இன்று நாம் பேசும் தலை, வால் முறை அப்போது வந்ததுதான். அதில் ஒரு வரிசைத் தவறு புகுந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் முதலில் பெயரைப் பதிய வேண்டும். அதன் பிறகே குழாயைப் பார்க்க வேண்டும். திருத்திய நிரலோ முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பதிந்தது. நியாயவிலைக் கடையில் சரக்கு வந்ததா என்று பார்த்து, வரவில்லை என்று அறிந்து, பெயர் எழுதப் போகிறீர்கள். அந்த இடைவேளையில் சரக்கு வந்து, பட்டியலில் உள்ளோரை எல்லாம் கடைக்காரர் கூப்பிட்டு முடித்துவிட்டால்? உங்களுக்கு அழைப்பே வராது! அந்தத் தவறு அதே டிசம்பரில் திருத்தப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. குழாய் ஏற்கெனவே வெறுமையாக இல்லாதபோது, புதிதாக எழுதியதற்காகப் படிப்பவரை மீண்டும் எழுப்ப வேண்டாம் என்று அந்தத் திருத்தத்தின்போது முடிவு செய்தனர். முறைப்படி இது சரியே. ஆனால் ஆண்ட்ராய்டு செயலிகள் சில பயன்படுத்திய ஒரு நிரல் நூலகம், ஒவ்வோர் எழுதலுக்கும் தன்னை எழுப்புவார்கள் என்று நம்பியிருந்தது. அது நின்றுபோயிற்று. அவ்வாறு நம்பியது நூலகத்தின் தவறே. எனினும் 2021இல் கெர்னல்தான் தன்னை மாற்றிக்கொண்டு, அத்தகைய பயனருக்குப் பழைய நடத்தையையே திரும்பத் தந்தது. பயனரின் நிரலை முறித்துவிடக் கூடாது என்பது லினக்ஸில் எழுதப்படாத சட்டம் போன்றது.

இவற்றைக் கண்டு துப்புரவே வேண்டாம் என்று சிலர் முடிவு கட்டலாம். நான் அவ்வாறு கருதவில்லை. அஞ்சித் தொடாமல் விட்ட நிரல் நாளடைவில் யாருக்கும் புரியாததாகிவிடும். பிழை வரும் நாள் வரும். அப்போது தொட்டே ஆக வேண்டும். தொடத் தெரிந்தவர் இருக்கமாட்டார். ஆகவே துப்புரவு வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டோடு வேண்டும். சிறு சிறு அடியாகச் செய்ய வேண்டும். ஓர் அடி வைத்ததும் சோதிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நடத்தை மாறக் கூடாது. பிழை திருத்துவதையும் ஒழுங்கு செய்வதையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது.

நீங்கள் செய்யத்தக்கது

பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் நிரல் எழுதும் மாணவ நண்பர்களே! கெர்னலைத் திருத்தும் நாள் உங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். ஆனால் இந்தப் பாடம் இன்றைக்கே பயன்படும். நீங்கள் எழுதிய நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியை எத்தனை இடங்களில் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். "மாணவன் தேர்ச்சி பெற்றானா?" என்பதற்கு ஐந்து இடங்களில் 35ஐ ஒப்பிட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் சூட்டி, ஒரே துணை நிரலாக்கி, ஐந்து இடங்களிலும் அதையே அழையுங்கள். அப்படி மாற்றும்போது, ஐந்தில் ஓரிடத்தில் 35 பெற்றவன் தேறினான் என்றும், இன்னோரிடத்தில் 35ஐத் தாண்டினால்தான் தேறினான் என்றும் இருப்பதைக் கண்டால் வியப்படைய வேண்டாம். அந்தப் பிழை நேற்றும் அங்கேதான் இருந்தது.

துணை நிரல் எழுதும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை அழைப்பவர் உள்ளே இருப்பதை அறிந்திருக்க வேண்டுமா? வேண்டும் என்றால் அது இன்னும் முழுமையான உதவியாகவில்லை.

நம் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் நிரல் சரியான விடையைத் தந்தால் மதிப்பெண் கொடுத்துவிடுகிறோம். மற்றொருவர் எழுதிய நிரலை மாணவர் கையில் கொடுத்து, "விடை மாறாமல் இதைத் தெளிவாக்கு" என்று ஒரு வினா கேட்டால் என்ன? பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கவும், அதன் நோக்கத்தை உணரவும், முறிக்காமல் திருத்தவும் அது கற்றுத்தரும். வேலைக்குச் சென்ற பிறகு அவர்கள் பெரும்பாலும் செய்யப்போவது அந்த வேலையைத்தான்.